ஓடத்துறை யார் பொறுப்பு? ஆற்றைக் கடத்திவிடும் சிறு மரப்படகைப் பற்றிய நெடிய வழக்கு

இக்கரையில் ஊர், அக்கரையில் சந்தையும் பள்ளிக்கூடமும் ஆசுபத்திரியும். நடுவே இருபது முப்பது பேர் ஏறக்கூடிய ஒரு மர ஓடம். பார்வைக்கு இதைவிட எளிய ஏற்பாடு இல்லை. ஆனாலும் அந்த ஓடத்தைக் கட்டுவது யார், காசு வாங்குவது யார், ஆளில்லாத மத்தியானத்திலும் துறையில் காத்துக்கிடப்பது யார் செலவில், கவிழ்ந்தால் பதில் சொல்வது யார் என்ற கேள்விகளுக்குக் குறைந்தது ஈராயிரம் ஆண்டுகளாக ஒன்றுக்கொன்று முரணான விடைகள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. அரசனுடைய துறை என்றார்கள். பட்டயம் பெற்றவனுடைய சொத்து என்றார்கள். ஏலம் எடுத்தவனுக்கு என்றார்கள். ஓட்டுகிறவனுக்கே என்றும், யாரும் காசு கொடுக்காமல் கடக்க வேண்டும் என்றும் வாதிட்டார்கள். பாலம் வந்தால் கேள்வியே தீர்ந்துபோகும் என்று நம்பியவர்களும் உண்டு.

இந்த விடைகளைப் பிறப்பிடத்தோடும் பலவீனத்தோடும் வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. கடற்கலங்களையும் வண்டிகளை ஏற்றும் பெரிய மிதவைகளையும் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, ஆட்களை ஏற்றிக் கரை சேர்க்கும் சிறு படகையே முன்னிறுத்துகிறேன். விவாதம் நெடுகிலும் வசூல் உரிமை பற்றிய பேச்சே மேலோங்கியிருக்கிறது. கடமை பற்றிய பேச்சு ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. அந்த ஓரத்தில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது என்பது என் கணிப்பு.

அரசனின் துறை

அறியக்கிடைக்கும் பழைய விடைகளில் மிக விரிவானது அர்த்தசாத்திரத்தில் இருக்கிறது. இரண்டாம் அதிகரணத்தின் 28ஆம் அத்தியாயம் நாவாய்களுக்கான அதிகாரியைப் பற்றியது. அதில் துறைக்கூலி அட்டவணை ஒன்று வருகிறது: சிறு விலங்குக்கும் சுமையோடு வரும் ஆளுக்கும் ஒரு மாஷம், பசுவுக்கும் குதிரைக்கும் இரண்டு, ஒட்டகத்துக்கும் எருமைக்கும் நான்கு, வண்டிகளுக்கு அளவைப் பொறுத்து ஐந்திலிருந்து ஏழு வரை. பேராறுகளில் இது இரட்டிப்பாகும். கோடையிலும் குளிரிலும் வற்றாத பேராறுகளில் தலைவனும் சுக்கான் பிடிப்பவனும் கயிற்றைக் கையாள்பவரும் நீர் இறைப்பவரும் கொண்ட பெரிய படகுகள் செல்ல வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் சிற்றாறுகளுக்குச் சிறிய படகுகள் போதும். மரப்படகில் கசிவு நிச்சயம் என்பதை அறிந்து, நீர் இறைக்கத் தனி ஆளையே வகுத்திருப்பது, எழுதியவர் துறையை நேரில் கண்டவர் என்று நினைக்க வைக்கிறது.

இந்த அத்தியாயத்தின் நான்கு விதிகள் பின்னாளைய விவாதத்துக்கு முக்கியமானவை. ஆள் பற்றாமலோ கருவிகள் இல்லாமலோ பழுது பார்க்காமலோ படகு மூழ்கினால் இழப்பை அதிகாரியே ஈடுகட்ட வேண்டும். நீர்க்கரை ஊரார் ஓடக்காரருக்கு வரையறுக்கப்பட்ட உணவும் கூலியும் தர வேண்டும். மீனவர், விறகும் புல்லும் சுமப்பவர், பூந்தோட்டமும் காய்த்தோட்டமும் காப்பவர், ஆயர் போன்றோர் நேரமல்லா நேரத்திலும் வேறிடத்திலும் கடந்தால் தண்டம் இல்லை. பிராமணர், துறவியர், குழந்தைகள், முதியோர், நோயாளிகள், அரசாணை கொண்டுசெல்வோர், கருவுற்ற பெண்கள் ஆகியோர் முத்திரைச் சீட்டோடு கட்டணமின்றிக் கடக்கலாம்.

மனுநூலின் எட்டாம் அத்தியாயமும் வெற்று வண்டிக்கு ஒரு பணம், ஆள்சுமைக்கு அரைப் பணம் என்று தொடங்கி இதே போன்ற அட்டவணையைத் தருகிறது. ஓடக்காரரின் தவறால் நேர்ந்த சேதத்தை அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஈடுசெய்ய வேண்டும், தெய்வச் செயலால் நேர்ந்ததற்குத் தண்டம் இல்லை என்கிறது. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு நகர்வு புலப்படும். அர்த்தசாத்திரத்தில் அதிகாரியின் தலையில் இருந்த பொறுப்பு மனுநூலில் துடுப்புப் பிடிப்பவர்களின் தலைக்கு இறங்கிவிட்டது. இரண்டில் எது முந்தியது, எது எங்கே நடைமுறையில் இருந்தது என்பதையெல்லாம் உறுதியாகப் பேச இடமில்லை. இரண்டுமே 'இப்படி இருக்க வேண்டும்' என்று சொல்லும் நூல்கள். நடந்ததைப் பதிந்த கணக்கேடுகள் அல்ல.

அரசத் துறை என்ற நிலைப்பாட்டின் இன்னொரு முகம் கண்காணிப்பு. துறையல்லாத இடத்தில் கடந்தாலும் நேரமல்லாத நேரத்தில் கடந்தாலும் தண்டம் என்ற விதி, பயணியின் வசதிக்காக எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. ஆறு ஓர் எல்லை. எல்லையைக் கடப்பவர் யார் என்று அரசு அறிந்துகொள்ள ஓடம் ஒரு வாயில்.

தமிழ்ச் சான்றுகள் வேறு வகையானவை. அவற்றில் கட்டணப் பட்டியல் இல்லை. சிலப்பதிகாரத்தில் வையைத் துறையில் குதிரை முகமும் யானை முகமும் சிங்க முகமும் கொண்ட படகுகள் ஓடுகின்றன. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் அந்தப் பெருந்துறையை விட்டு விலகி மரப்புணை ஒன்றில் ஏறி மதுரைப் பக்கம் சேர்கிறார்கள். ஒரே ஆற்றில் அலங்காரப் படகோடும் பெருந்துறையும் அதற்கு வெளியே எளிய கடவும் இருந்ததாக இதைக் கொண்டு கருதலாம். அதற்கு மேல் வரலாறு எழுத இது போதாது. திருக்கொள்ளம்பூதூர்க் கதை நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. முள்ளியாற்றில் வெள்ளம், ஓடக்காரர்கள் ஓடத்தைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள், சம்பந்தர் அடியாரோடு ஏறிப் பதிகம் பாட, ஓடம் தானே அக்கரை சேர்ந்தது என்பது பெரியபுராணம் சொல்லும் செய்தி. அதன் நினைவாக இன்றும் ஐப்பசியில் ஓடத் திருவிழா நடக்கிறது. அற்புதத்தை நம்புவது அவரவர் விருப்பம். ஆனால் மிகவும் தேவைப்படும் நாளில் ஓடம் ஓடாது என்ற அனுபவம் அந்தக் கதைக்குள் பத்திரமாக இருக்கிறது.

பட்டயம் என்னும் சொத்து

இரண்டாவது நிலைப்பாடு இங்கிலாந்தின் வழக்குமன்றங்களில் உருவானது. அதன்படி ஓடத்துறை என்பது அரசர் அளித்த, அல்லது நெடுங்கால வழக்கத்தால் அளித்ததாகக் கொள்ளப்பட்ட, ஒரு தனியுரிமை. உரிமை பெற்றவரைத் தவிர அக்கம்பக்கத்தில் வேறு யாரும் கூலிக்கு ஆள் கடத்தக் கூடாது. பதிலுக்கு அவர் எந்நேரமும் தகுந்த படகும் திறமையான ஆட்களும் வைத்திருக்க வேண்டும். நியாயமான கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது. தவறினால் குற்ற வழக்கு. வசூலையும் கடமையையும் ஒரே முடிச்சில் கட்டிய வகையில் இது அர்த்தசாத்திர விதிக்கு அதிகத் தொலைவில் இல்லை.

இதன் பலவீனம், உரிமை கைமாறக்கூடிய சொத்தாகிவிட்டது என்பதே. சொத்து என்றானதும் அது ஆற்றோடு தொடர்பில்லாத கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மிகத் தெளிவான எடுத்துக்காட்டு அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ளது. சார்லஸ் ஆற்றைக் கடந்து சார்லஸ்டவுனுக்குப் போகும் ஓடத்தைக் குத்தகைக்கு விட்டு வருமானம் பெறும் அதிகாரத்தை 1650இல் மாசசூசெட்ஸ் பொதுமன்றம் ஹார்வர்டு கல்லூரிக்கு வழங்கியது. துறையில் நின்ற ஒவ்வொரு பயணியும் கல்லூரியை நடத்தக் காசு கொடுத்தார் என்று பொருள். 1785இல் அதே இடத்தில் பாலம் கட்ட ஒரு நிறுவனத்துக்குப் பட்டயம் கொடுத்தபோது, ஓடத்தை இழக்கும் கல்லூரிக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு தர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். ஓடம் போன பிறகும் ஓடத்தின் உரிமை உயிரோடு இருந்தது. பிறகு 1828இல் பக்கத்திலேயே இன்னொரு பாலத்துக்கு அனுமதி கிடைக்க, முதல் பாலத்தார் ஓடத்திலிருந்து தமக்கு வந்த தனியுரிமையைக் காட்டி வழக்காடினார்கள். 1837இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பட்டயத்தில் வெளிப்படையாகச் சொல்லப்படாத தனியுரிமையைப் பொதுமக்களுக்கு எதிராக ஊகித்துக்கொள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

இங்கிலாந்திலும் இதே திசையில் நகர்வு இருந்தது. தேம்ஸ் ஆற்றின் நாய்த்தீவு என்று பொருள்படும் ஐல் ஆஃப் டாக்ஸ் பகுதியின் பழைய ஓடவுரிமையாளர், புதிய குடியிருப்புகளுக்காக வந்த புதுக்கடவை எதிர்த்தபோது, புதிய போக்குவரத்துத் தேவையைப் பழைய உரிமை தடுக்க முடியாது என 1862இல் முடிவானது. 1877இல் ரயில்பாலம் ஒன்றால் வருமானம் இழந்த ஓடவுரிமையாளருக்கும் இழப்பீடு மறுக்கப்பட்டது. பட்டயக் கோட்பாட்டை நீதிமன்றங்கள் மெல்ல மெல்லத் தளர்த்தின என்று சொல்லலாம். ஆனால் அவை தளர்த்தியது தனியுரிமையை. 'எந்நேரமும் படகு வைத்திரு' என்ற கடமையை யார் ஏற்பது என்பதற்கு அந்தத் தீர்ப்புகளில் விடை இல்லை.

ஏலத்துக்கு வந்த ஆறு

இந்தியாவுக்கு இந்தக் கோட்பாடு வேறு உருவில் வந்து சேர்ந்தது. வங்காளத்தில் 1816ஆம், 1819ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் முக்கியத் துறைகளை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தன. காவலும் பயணிகளின் பாதுகாப்பும் வணிகமும் படைகளின் நடமாட்டமும் காரணமாகச் சொல்லப்பட்டன. துறைகளின் உபரி வருமானம் ஓடத்துறை நிதி என்ற பெயரில் சேர்ந்து, சாலைகளுக்கும் பாலங்களுக்கும் செலவானது. ஓடத்தில் ஏறியவன் கொடுத்த காசே ஓடத்தை வேண்டாததாக்கும் பாலத்துக்கும் போனது. கொள்கை அளவில் இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் துறையில் சேர்ந்த பணம் துறைக்குத் திரும்பாத பழக்கம் இங்கேதான் வேர்விட்டது.

1878ஆம் ஆண்டின் வட இந்திய ஓடத்துறைச் சட்டம் இதை ஒழுங்குபடுத்தியது. அரசு ஒரு துறையைப் பொது ஓடத்துறை என அறிவிக்கலாம். கட்டண உரிமையை ஐந்தாண்டுக்கு மிகாமல் பொது ஏலத்தில் குத்தகைக்கு விடலாம். பொதுத்துறையின் எல்லையிலிருந்து இரண்டு மைலுக்குள் அனுமதியின்றி வேறு ஓடம் ஓடக் கூடாது. கட்டணப் பலகையை வட்டார மொழியில் எழுதித் துறையில் மாட்ட வேண்டும். சென்னை மாகாணத்தில் 1890ஆம் ஆண்டின் இரண்டாம் சட்டம் கால்வாய்களையும் பொது ஓடத்துறைகளையும் ஒருசேர ஆண்டது. விடுதலைக்குப் பின் அரசியலமைப்பு ஓடத்துறைகளை மாநிலப் பட்டியலின் 13ஆம் பதிவில் சாலைகளோடும் பாலங்களோடும் சேர்த்து வைத்தது. துறையை ஏலம் விடும் வேலை பல இடங்களில் உள்ளாட்சியின் கைக்கு வந்தது.

ஏலத்துக்கு ஆதரவான வாதம் வலுவானது. வெளிப்படையாக நடக்கிறது, உள்ளாட்சிக்கு வருமானம் வருகிறது, ஓட்டத் தெரிந்தவர் எடுத்து நடத்துகிறார். பலவீனத்தைப் புரிந்துகொள்ள மரப்படகையே கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கேரள வள்ளங்களில் ஆயினிப் பலகைகளைக் கயிற்று நாரால் தைத்து, மூட்டுகளில் நார் அடைத்து, முந்திரித் தோட்டு எண்ணெயும் மீனெண்ணெயும் பூசுவார்கள். ஆணி அடித்த படகானால் பலகை மூட்டில் பஞ்சு திணித்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்ற வேண்டும். வெயிலில் கிடந்தால் பலகை சுருங்கி மூட்டு விடும். அதனால்தான் ஓடாத காலத்தில் படகைத் தண்ணீரிலேயே அமிழ்த்தி வைப்பது வழக்கம். இப்படி வருடம் தவறாமல் கவனித்தால் படகு பல பத்தாண்டு உழைக்கும். குத்தகையோ ஓராண்டு, மிஞ்சினால் ஐந்தாண்டு. அடுத்த ஏலம் தனக்கு விழுமா என்று தெரியாத குத்தகைதாரர், தன் காலத்துக்குப் பிறகும் பயன்தரும் பலகையை மாற்றச் செலவு செய்யத் தயங்குவது இயல்பு. ஏலத்தொகையை மீட்க வேண்டிய அவசரத்தில் படகு நிறையும்வரை நகராமல் இருப்பதும், நிறைந்த பிறகும் இன்னும் நாலு பேரை ஏற்றுவதும் அதே கணக்கின் விளைவுகள். படகின் ஆயுளும் குத்தகையின் ஆயுளும் ஒத்துப்போகாத இந்த முரண்பாடுதான், என் பார்வையில், ஏல முறையின் ஆழமான கோளாறு.

ஓட்டுகிறவரின் கோரிக்கை

ஓடம் ஓட்டிப் பிழைக்கும் சமூகங்களின் வாதம் இவை எல்லாவற்றுக்கும் எதிராக நிற்கிறது. ஆற்றின் ஆழமும் மேடும் சுழலும் தலைமுறையாகத் தங்களுக்குத் தெரியும். துறை தங்கள் முன்னோரின் உழைப்பால் உண்டானது. அதைப் பணமுள்ளவர் ஏலத்தில் எடுத்துத் தங்களைக் கூலியாக்குவது அநீதி என்பது அதன் சாரம். கங்கைக் கரையின் மல்லாக்கள், நிஷாதர்கள் இந்த வாதத்தை நீண்டகாலமாக முன்வைத்து வருகிறார்கள். காசிப் படகோட்டிகளைப் பற்றி அஸ்ஸா டோரோன் எழுதி 2009இல் வெளிவந்த ஆய்வுநூல், அரசின் கட்டுப்பாடுகளுக்கு நடுவே படித்துறை உரிமையை அவர்கள் எப்படித் தங்களுக்குள் வகுத்துக் காத்தார்கள் என்பதை விரிவாகப் பேசுகிறது. கங்கையைக் கடத்திவிட்ட குகனின் வழிவந்தவர்கள் என்ற பெருமையும் அவர்களுடைய உரிமைக் குரலில் கலந்திருக்கிறது.

நியாயம் உள்ள வாதம் இது. நான் இதன் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் பிறப்புவழி உரிமை அதே சமூகத்துக்குள் படகு உள்ளவர், இல்லாதவர் என்ற பிளவை ஆற்றாது. வேறு சமூகத்தார் தொழிலுக்குள் வருவதையும் அது அடைக்கும். கூட்டுறவுச் சங்கங்களுக்கே துறையை ஒப்படைக்கலாம் என்ற யோசனை இந்த இரு குறைகளுக்கும் நடுவழியாகச் சொல்லப்படுகிறது. அது எங்கே, எந்த நிபந்தனையில் நீடித்து வெற்றி பெறும் என்பதற்குப் பரவலான ஒப்பீடு தேவை.

பாலம் ஓடத்தைக் கொன்றதா?

பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு எளியது: ஓடம் இருந்தது, பாலம் வந்தது, ஓடம் போனது. இதற்குச் சான்றுகள் நிறைய உண்டு. தாமிரபரணியில் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே 1843இல் எழுந்த சுலோசன முதலியார் பாலம் அவற்றில் ஒன்று. அதுவரை ஓடத்தில்தான் கடந்தார்கள். துறையில் இடம் பிடிப்பதற்கு நடந்த சண்டைகள் கைகலப்பாகவும் உயிர்ச்சேதமாகவும் முற்றியதே பாலத்துக்குக் காரணம் என்று நெல்லைப் பக்கம் சொல்லி வருகிறார்கள். அரசு செலவை ஏற்காத நிலையில் சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைக் கொட்டி 11 வளைவுகள் கொண்ட பாலத்தைக் கட்டினார். ஓடத்துறையை ஒழுங்காக நடத்த முடியாததற்கு ஒரு தனிமனிதர் கொடுத்த விலை என்றும் அந்தப் பாலத்தைப் பார்க்கலாம்.

ஆனால் காவிரிப் படுகையின் கதை வேறு மாதிரி. திருச்சிக்கு வடக்கே கொள்ளிடத்தின் குறுக்கே 1928இல் இரும்புப் பாலம் வந்தது. 1934இல் மேட்டூர் அணை வந்தது. இவற்றில் ஓடங்களை அதிகம் பாதித்தது எது? பாலம் ஓரிடத்தில்தான் நிற்கும். அதிலிருந்து ஐந்து மைல் தள்ளியுள்ள ஊருக்கு அது பயன்படாது. அணைகளும் கதவணைகளுமோ ஆறு நெடுகிலும் நீரின் காலத்தையும் அளவையும் மாற்றிவிட்டன. மாதக்கணக்கில் மணலாகக் கிடக்கும் ஆற்றில் ஓடத்துக்கு வேலை இல்லை, நடந்தே போகலாம். திடீரென்று திறந்துவிடும் நீரில் ஓடம் விடவும் முடியாது. ஓடத்தின் மறைவில் அணையின் பங்கு பாலத்தின் பங்குக்குக் குறைவில்லை என்று நினைக்க இடமிருக்கிறது. இதை உறுதிசெய்ய ஊர்வாரியாகத் துறைகளின் ஏலக்கணக்குகளைத் தேடிப் படிக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சேலம் மாவட்டம் பூலாம்பட்டிக்கும் ஈரோடு மாவட்டம் நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே காவிரியில் இன்னும் படகு ஓடுகிறது. மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் இருசக்கர வண்டியோடு ஏறிக் கடக்கிறார்கள். அங்கே கதவணை தேக்கி வைத்த நீர்தான் படகை வாழவைக்கிறது. மேட்டூரில் கூடுதல் நீர் திறந்தால் அந்தப் படகும் நின்றுவிடும். அன்று எல்லோரும் சாலையில் சுற்றிப் போக வேண்டியதுதான். அணை ஓரிடத்தில் ஓடத்தை முடக்குகிறது, இன்னோரிடத்தில் ஓட்டுகிறது.

பாலமும் ஓடமும் அருகருகே வாழ முடியாது என்ற எண்ணத்தை மறுக்கும் ஊர் சுவிட்சர்லாந்தின் பாசல். ரைன் ஆற்றில் கரைக்குக் கரை கம்பி கட்டி, அதில் சிறு மரப்படகைப் பிணைத்து, நீரோட்டத்தின் விசையாலேயே படகு கடக்கும் ஏற்பாடு அங்கே 1854 முதல் இருக்கிறது. பொறியும் இல்லை, துடுப்பும் இல்லை. தொடக்கத்தில் அதன் வருமானம் அவ்வூர்க் கலைஞர் சங்கத்துக்குப் போனது. கலைக்கூடம் கட்டவும் அது உதவியது. ஹார்வர்டைப் போலவே இங்கும் ஓடக்காசு வேறொரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது. இன்று பாலங்கள் பல இருந்தும் நான்கு ஓடங்கள் ஓடுகின்றன. அவற்றைப் பேண ஓர் அறக்கட்டளையும் ஆதரவாளர் சங்கமும் உண்டு. பாசலின் பாடத்தை அப்படியே நம் ஆறுகளுக்குப் பொருத்த முடியாது. அங்கே ஓடம் ஊரின் விருப்பம். நம் தீவுத் திட்டுகளில் அது கட்டாயம். கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போதெல்லாம் நாதல்படுகை, முதலைமேடு திட்டு மக்களைப் படகில்தான் கரைசேர்க்கிறார்கள்.

கவிழ்ந்த படகுகள்

ஓடத்தைப் பற்றிய அரசுக் கொள்கை பெரும்பாலும் விபத்துக்குப் பிறகே எழுதப்படுகிறது. 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகம் சென்ற கேரள அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகு வேம்பநாட்டுக் காயலில் கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். அரசுப் பணித் தேர்வுக்குப் போனவர்கள் அதில் நெருக்கி ஏறியிருந்தார்கள். நீதிபதி நாராயண குறுப்பு ஆணையம் விசாரித்தது. அரசே நடத்தினால் பாதுகாப்பு தானாக வரும் என்ற நம்பிக்கைக்கு இது பலத்த அடி.

அஸ்ஸாமில் 2021 செப்டம்பர் 8 அன்று நிமாத்தி துறையருகே மஜூலித் தீவுக்குச் செல்லும் தனியார் மரப்படகு அரசுக் கலத்தோடு மோதி மூழ்கியது. ஒற்றைப் பொறி கொண்ட தனியார் மரப்படகுகளுக்கு உடனே தடை வந்தது. தடையை ஆதரிப்பவர்கள் உயிரின் மதிப்பைச் சொல்கிறார்கள்; அதை மறுக்க யாராலும் முடியாது. எதிர்ப்பவர்கள், மாற்றுக்கலம் வருமுன் தடை வந்தால் தீவில் இருப்பவர் எப்படிக் கடப்பார் என்கிறார்கள். இதற்கும் பதில் வேண்டும்.

அதே ஆண்டு நவம்பர் 23 அன்று இலங்கையின் கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் நடந்தது இந்தக் கேள்வியின் மிகக் கொடிய வடிவம். புதிய பாலம் கட்டுவதற்காகப் பழைய வழி அடைபட்டிருந்தது. இடைக்காலத்துக்கு, அவசரமாகப் பொருத்திய ஒரு மிதவை ஆட்களை ஏற்றியது. காலையில் பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளோடு அது கவிழ்ந்தது. குழந்தைகள் உட்படப் பல உயிர்கள் போயின. பாலத்துக்குத் திட்டமும் ஒதுக்கீடும் ஒப்பந்தமும் இருந்தன. பாலம் முடியும்வரை மக்கள் எப்படிக் கடப்பார்கள் என்பதற்கு அதே அளவு அக்கறை இருக்கவில்லை. ஓடத்தைத் தற்காலிகம் என்று நினைப்பதன் விலையை இந்த விவாதத்தில் இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை.

காசில்லாமல் கடப்பது

ஓடம் இலவசமாக இருக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டுக்கு இரண்டு ஊற்றுகள். ஒன்று நியாயம் சார்ந்தது. லண்டனின் மேற்குப் பகுதியில் பாலச் சுங்கம் நீங்கியபோது, பாலமே இல்லாத கிழக்குப் பகுதியினர் தங்களுக்கும் காசில்லாத கடவு கேட்டார்கள். 1889இல் வூல்விச் இலவச ஓடம் வந்தது. சாலையில் நடக்கக் காசு இல்லையென்றால் சாலை ஆற்றில் முடியும் இடத்தில் மட்டும் ஏன் காசு என்பது அந்த வாதம். மற்றொன்று பொருளியல். பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல்ஸ் துப்புயி 1844இல், கட்டி முடித்த பாலத்தில் இன்னொருவர் நடப்பதால் கூடுதல் செலவில்லை, எனவே சுங்கம் சிலரை வீணாகத் தடுக்கிறது என்று காட்டினார்.

துப்புயியின் வாதம் ஓடத்துக்கு அரைவாசிதான் பொருந்தும். பாலம் காத்திருக்கக் கூலி கேட்காது. ஓடக்காரர் கேட்பார், கேட்க வேண்டும். ஓடத்தின் செலவில் பெரும்பங்கு கடப்பதற்கு ஆவதில்லை, துறையில் இருப்பதற்கே ஆகிறது. எத்தனை பேர் ஏறினாலும் ஏறாவிட்டாலும் காலை முதல் இருட்டும்வரை ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வைக்கும் எந்த முறையும் இந்தச் செலவைக் கூட்டம் உள்ள நேரத்துப் பயணிகளின் மேல் ஏற்றுகிறது, அல்லது ஓட்டுகிறவரின் வயிற்றில் அடிக்கிறது. கரையூரார் உணவும் கூலியும் தர வேண்டும் என்ற அர்த்தசாத்திர விதி இந்த இடத்தில் புதுப் பொருள் பெறுகிறது: படகில் ஏறாத நாளிலும் படகு இருப்பதற்காக ஊர் கொடுத்தது.

இன்னும் முடியாத கணக்குகள்

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, உரிமையாளர் யார் என்பது ஓடத்தின் தரத்தை முடிவுசெய்கிறது என்று சொல்ல ஆதாரம் போதவில்லை. அரசுப் படகும் கவிழ்ந்திருக்கிறது, தனியார் படகும் கவிழ்ந்திருக்கிறது. அறக்கட்டளை நடத்தும் ஓடம் வாழ்கிறது. உள்ளாட்சியின் நிழலில் ஓடும் படகும் வாழ்கிறது. வசூலிப்பவரிடமே பராமரிப்பும் பொறுப்பும் கட்டப்பட்டிருந்தால் நிலைமை ஓரளவு மேல் என்று மட்டும் கவனத்தோடு கூறலாம்.

மரம் நீடிக்குமா என்பதும் திறந்தே இருக்கிறது. வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரி முதல் ஓடும் ஆதித்யா, 75 பேர் அமரும் சூரிய ஒளிப் படகு. உடல் நாரிழையால் ஆனது. 1925இல் காந்தி படகில் வந்திறங்கிய அதே வைக்கத்தில் இன்று டீசல் வாடையும் இரைச்சலும் இல்லாமல் கடக்கிறார்கள். இயக்கச் செலவு டீசல் படகைவிட வெகுவாகக் குறைவு. ஆனால் தொடக்க முதலீடு பெரிது; நாளுக்கு ஐம்பது பேர் கடக்கும் சிறு துறைக்கு அது எட்டுமா என்பது தெளிவாகவில்லை. உள்ளூர்த் தச்சர் பழுது பார்க்கக்கூடிய மரப்படகுக்கு அந்த வகையில் இன்னும் ஒரு சாதகம் உண்டு. அந்தத் தச்சர்களும் ஆயினி மரமும் குறைந்துவருவது அதற்குப் பாதகம்.

எல்லாவற்றையும்விட அவசரமான வேலை ஒன்று மீதமிருக்கிறது. பாலம் கட்டத் தொடங்கும் நாளிலிருந்து முடியும் நாள்வரை கடவை யார் நடத்துவது, எந்தத் தரத்தில், யார் செலவில் என்பதைப் பாலத்தின் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்ற கோரிக்கைக்குக் கொள்கை அளவில் எதிர்ப்பு இருக்கக் காரணமில்லை. ஒப்பந்ததாரர் அந்தச் செலவையும் சேர்த்தே விலை கோருவார், பாலத்தின் மதிப்பீடு அதனால் கூடும். அந்தக் கூடுதல் தொகையை மாநில அரசு ஏற்பதா, உள்ளாட்சியின் தலையில் போடுவதா என்பதில்தான் இனி விவாதம் நடக்க வேண்டியிருக்கிறது.